அலகு சொல்லும் பெயர்கள்

அலகு என்னும் சொல்லை நம் மாணவர் பெரும்பாலும் தைப்பூசத் திருநாளில்தான் முதலில் கேட்கின்றனர். அங்கே அது உடலில் குத்தும் கூரிய வேலைக் குறிக்கிறது. அறிவியல் வகுப்பில் அதே சொல் மீட்டர், கிலோகிராம் போன்ற அளவைகளைக் குறிக்கிறது. பறவையிடத்தில் அது வாயுறுப்பாகிறது. இம்மூன்றாம் பொருளையே இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

அலகின் உள்ளே எலும்பும், அதன்மேல் கெரட்டின் என்னும் பொருளாலான உறையும் உள்ளன. நம் நகமும் கெரட்டினால் ஆனதே. நகத்தைப் போலவே அவ்வுறையும் தேயத் தேய வளர்கிறது. பறவைக்குப் பல் இல்லை. கையாக உதவவேண்டிய முன்னுறுப்புகள் சிறகுகளாகிவிட்டன. எனவே பற்றுதல், கிழித்தல், உடைத்தல், கூடு கட்டுதல், இறகு கோதுதல் ஆகிய பல பணிகளும் அலகின்மேல் விழுகின்றன. கிடைக்கும் உணவுக்கேற்ற அலகு வாய்த்தவை மிகுதியாகப் பிழைத்துக் குஞ்சு பொரித்தமையால், பல தலைமுறைகளில் அலகுகள் இத்தனை வடிவங்களாகப் பிரிந்தன.

இவ்வேறுபாட்டைத் தமிழ்ப் பெயர்கள் நன்கு பதிந்து வைத்துள்ளன. அரிவாள்மூக்கன், கரண்டிவாயன் என்பன அலகின் வடிவத்தைச் சொல்கின்றன. மரங்கொத்தி, மீன்கொத்தி, நத்தைகுத்தி என்பன அதன் தொழிலைச் சொல்கின்றன.

நத்தைகுத்தி நாரையைச் சிறிது நின்று நோக்குவோம். 2019ஆம் ஆண்டு டிசம்பரில் இந்நாரைகள் சிங்கப்பூர் வானில் பெருங்கூட்டமாகத் தோன்றின. வளர்ந்த நாரையின் அலகை மூடினாலும் நடுவே ஓர் இடைவெளி தெரியும்; குஞ்சுகளுக்கு அது இல்லை. ஆங்கிலப் பெயரான ஓப்பன்பில், திறந்த அலகு என்று அவ்விடைவெளியையே சுட்டுகிறது. அதைக் கண்டோர், பாக்குவெட்டியில் பாக்கை வைப்பதுபோல நத்தையை அங்கே வைத்து நொறுக்கும் போலும் என்று எண்ணினர். ஆனால் நாரை பெரும்பாலும் ஓட்டை உடைப்பதில்லை. கீழலகின் கூர்நுனியை ஓட்டின் வாய்வழியே செலுத்தித் தசையை அறுத்துச் சதையை வெளியே இழுக்கிறது. குத்தி என்னும் தமிழ்ச்சொல் இச்செயலுக்கு நெருங்கி நிற்கிறது.

எனினும் பெயரை மட்டும் நம்பிவிடலாகாது. நம் பூங்காக்களில் காணும் வெண்தொண்டை மீன்கொத்தி, மீனோடு வெட்டுக்கிளி, பல்லி, ஓணான் முதலியவற்றையும் பிடித்துண்ணும். நீர்நிலை இல்லாத இடத்திலும் வாழும். அதன் பெயர் சொல்வது உண்மையின் ஒரு பகுதியே.

இருவாய்ச்சியின் பெயரோ அலகின் தொழிலைச் சொல்லவே இல்லை. மேலலகின்மீது எழும் புடைப்பு இரண்டாவது வாய்போலத் தோன்றுவதால் இப்பெயர் வந்தது என்பர். அவ்வலகு கொத்தனாரின் கரணையாகவும் பயன்படுகிறது. பெண்பறவை மரப்பொந்தினுள் புகுந்து வாயிலைப் பூசி அடைத்து, ஒரு சிறு பிளவை மட்டும் விடுகிறது. ஆண்பறவை அப்பிளவின் வழியே தன் அலகு நுனியால் உணவூட்டுகிறது. சிங்கப்பூரிலிருந்து நெடுங்காலம் மறைந்திருந்த இப்பறவை 1994இல் உபின் தீவில் மீண்டும் காணப்பட்டது. பெரிய பொந்துள்ள முதுமரங்கள் குறைந்துவிட்டமையால், மனிதர் அமைத்த கூட்டுப்பெட்டிகளும் அதற்கு உதவின.

ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சியைப் பரிந்துரைக்கிறோம். முதலில் பறவையின் அலகை மட்டும் காட்டி, அது எதை, எவ்வாறு உண்ணும் என்று மாணவரை ஊகிக்கச் சொல்லலாம். பின்னர்த் தமிழ்ப் பெயரைக் கூறலாம். இறுதியில் சுங்கை பூலோ போன்ற சதுப்புநிலத்திற்கு அழைத்துச் சென்று, ஊகமும் பெயரும் எவ்வளவு பொருந்துகின்றன என்று பார்க்கச் செய்யலாம். நத்தைகுத்தி என்ற சொல்லைப் பட்டியலில் மனப்பாடம் செய்த மாணவர் அதை மறந்துவிடக்கூடும். சேற்றில் நிற்கும் நாரை நத்தையின் சதையை உருவுவதைக் கண்டவருக்கு அச்சொல் எளிதில் மறவாது.