சேமிப்பும் ஓர் உற்பத்தியே: இயற்பியலாளர் ஆர்தர் ரோசன்ஃபெல்டின் பணி

மின்சாரத்தை மிச்சப்படுத்துதல் என்றதும், வசதிகளைத் துறத்தல் என்றே பலரும் பொருள் கொள்கின்றனர். மங்கிய ஒளியில் படிப்பது சிக்கனம் ஆகலாம், செயல்திறன் ஆகாது. அதே ஒளியையும் அதே குளிர்ச்சியையும் குறைந்த ஆற்றலைக் கொண்டு பெறுவதே ஆற்றல் செயல்திறன். இவ்வேறுபாட்டை எண்களால் விளக்கிக் காட்டியவர்களுள் முதன்மையானவர் அமெரிக்க இயற்பியலாளர் ஆர்தர் ரோசன்ஃபெல்ட் (1926–2017).

சிகாகோ பல்கலைக்கழகத்தில் என்ரிக்கோ ஃபெர்மியின் மாணவராக விளங்கி 1954இல் முனைவர் பட்டம் பெற்ற அவர், பின்னர் கலிபோர்னியாவின் பெர்க்லியில் லூயிஸ் ஆல்வரெசின் துகள் இயற்பியல் குழுவில் பணியாற்றினார். ஆல்வரெசுக்கு 1968இல் நோபல் பரிசு கிடைத்தது. அத்தகைய புகழ்பெற்ற துறையை விட்டு ரோசன்ஃபெல்ட் விலகக் காரணமானது 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடி.

அவ்வாண்டு நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு. ஆளில்லா அறைகளில் வார இறுதி முழுவதும் எரியவிருந்த விளக்குகள் எவ்வளவு எரிபொருளை விழுங்கும் என்று அவர் கணக்கிட்டார். அணைக்கச் சென்றபோது, விசைகள் அலமாரிகளுக்கும் சுவரொட்டிகளுக்கும் பின்னால் மறைந்து கிடந்தன. அவற்றைத் தேடி அணைப்பதற்குள் இருபது நிமிடங்கள் கழிந்தன. அணைக்கும் வழக்கமே இல்லாத இடத்தில் விசையை எவர் தேடுவர்? அப்போது அவருக்கு வயது 47.

லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் அவர் உருவாக்கிய கட்டட ஆய்வுக் குழுவினர், ஒளிர்குழல் விளக்குகளுக்கான மின்னணுச் சோக்குகளையும், ஒளியை உள்ளே விட்டு வெப்பக் கதிர்வீச்சைத் தடுக்கும் பூச்சுடைய சன்னல் கண்ணாடிகளையும் வளர்த்தெடுத்தனர். கட்டடத்தின் ஆற்றல் தேவையை முன்கூட்டியே கணிக்கும் கணினி நிரலும் அங்கு உருவாயிற்று.

கண்டுபிடிப்பு மட்டும் போதாது. சட்டமும் வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். குளிர்பதனப் பெட்டிகளுக்குக் கலிபோர்னியா விதித்த தரவரம்புகள் பின்னர் நாடு முழுமைக்கும் விரிந்தன. 1970களின் நடுவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,800 கிலோவாட் மணி மின்சாரம் உண்ட புதிய பெட்டி, 2001இல் ஏறத்தாழ 500இல் நின்றது. பெட்டியின் கொள்ளளவோ குறையவில்லை, கூடியது.

1970களின் நடுப்பகுதி முதல் பல்லாண்டுகளாகக் கலிபோர்னியாவின் தனிநபர் மின்நுகர்வு பெரிதும் உயராதிருந்தது. அமெரிக்கா முழுவதற்கும் அது ஏறத்தாழ பாதியளவு உயர்ந்தது. இதனை ‘ரோசன்ஃபெல்ட் விளைவு’ என்பர். மிதமான தட்பவெப்பம், தொழில் அமைப்பு, மின்கட்டணம் ஆகியவற்றுக்கும் இதில் பங்குண்டு என்று ஆய்வாளர் சிலர் சுட்டுவதையும் நாம் கருத்திற்கொள்ள வேண்டும்.

2010இல் அறிஞர்கள் அவர் பெயரால் ஓர் அலகை முன்மொழிந்தனர். ஒரு ‘ரோசன்ஃபெல்ட்’ என்பது ஆண்டுக்கு 300 கோடி கிலோவாட் மணிச் சேமிப்பு. அதாவது, 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் ஒன்றைக் கட்டும் தேவையைத் தவிர்த்தல். கட்டிய நிலையத்திற்குத் திறப்பு விழா உண்டு. கட்டாமல் தவிர்த்ததற்கு விழா இல்லை. ஆகவேதான் அதனை அளக்க ஓர் அலகு தேவைப்பட்டது.

மாணவர்கள் அவரிடம் கற்க வேண்டியது, ‘எவ்வளவு?’ என்னும் வினாவைக் கேட்டு விடையைத் தாமே கணக்கிடும் பழக்கம். நம் வகுப்பறை விளக்குகளிலிருந்தே அக்கணக்கைத் தொடங்கலாம்.