வட்டவடைப் பழமும் வீட்டுத் தயிரும்

இடுக்கி மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது வட்டவடை. அதேபோல் எல்லையை ஒட்டிய இன்னொரு மலை ஊர் காந்தளூர். இரண்டு ஊர்களிலும் தமிழ் பேசும் உழவர்கள் உண்டு. குளிர்ந்த காற்று வீசும் இடம். வெள்ளைப்பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட் விளையும். ஸ்ட்ராபெர்ரிப் பழமும் விளையும்.

இந்தப் பழம் இந்த மண்ணில் பிறந்ததல்ல. வட அமெரிக்கச் செடி ஒன்றும், சிலி நாட்டுச் செடி ஒன்றும் 1700-களில் ஐரோப்பாவில் கலந்தன. அப்படிப் பிறந்த செடிதான் இன்று உலகெங்கும் பயிராகிறது.

சுற்றுலா வருபவர்கள் இதை ஆசையாக வாங்கிப் போகிறார்கள். விளைவிக்கும் ஊரின் பிள்ளைகளும் இதைச் சாப்பிட வேண்டாமா? கடையில் பாட்டில் பானம் வாங்கிக் கொடுப்பது எளிது. ஆனால் அதில் இருப்பது என்ன?

பாட்டிலில் என்ன? பழத்தில் என்ன?

இனிப்புச் சோடா பானங்கள் பலவற்றில், 300 மில்லியில் சுமார் 30 கிராம் சர்க்கரை இருக்கிறது. அது 6 தேக்கரண்டி. பெரியவர்களே ஒரு நாளில் 25 கிராமுக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் கூறியது.

100 கிராம் ஸ்ட்ராபெர்ரியில் 90 கிராமுக்கு மேல் தண்ணீர்தான். சர்க்கரை சுமார் 5 கிராம். நார்ச்சத்து உண்டு. வைட்டமின் சி சுமார் 60 மில்லிகிராம் உண்டு.

எப்படிச் செய்வது?

இருவருக்கு வேண்டியவை:

பழுத்த ஸ்ட்ராபெர்ரி – 200 கிராம்
பூவன் பழம் – 1
புளிக்காத தயிர் – 1 டம்ளர்
கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் – அரை டம்ளர்

1. முழுவதும் சிவந்த பழமாக எடுங்கள். பறித்த பிறகு இந்தப் பழம் பழுக்காது. லேசாக நசுங்கியது ஆகும். பூசணம் பிடித்தது ஆகாது.

2. காம்போடு கழுவுங்கள். ஓடும் நல்ல தண்ணீரில் ஒவ்வொன்றாகக் கழுவுங்கள். பழம் மண்ணை ஒட்டி வளர்வது. மருந்து அடித்ததாகவும் இருக்கலாம். கழுவிய பிறகு காம்பைக் கிள்ளுங்கள்.

3. பழங்களை மிக்சியில் அரையுங்கள். மிக்சி இல்லையா? மின்சாரம் இல்லையா? கீரை கடையும் சட்டியும் மத்தும் போதும்.

4. தயிரும் தண்ணீரும் சேர்த்து மறுபடி கடையுங்கள். வடிகட்ட வேண்டாம். வடிகட்டினால் நார்ச்சத்து போய்விடும்.

5. உடனே குடியுங்கள். நேரம் ஆக ஆக வைட்டமின் சி குறையும்.

சர்க்கரை வேண்டாம். வாழைப்பழத்தின் இனிப்பே போதும். "வெல்லம் போடலாமே" என்று சிலர் கேட்பார்கள். மறையூர் வெல்லம் பெயர் பெற்றதுதான். 2019-இல் புவிசார் குறியீடும் பெற்றது. ஆனாலும் வெல்லமும் இனிப்புதான். அளவு கூடக் கூடாது.

நகரத்துக் கடைகளில் இதற்கு ஸ்மூத்தி என்று பெயர்.

சமவெளியில் என்ன செய்வது?

பாலக்காட்டின் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வெயில் அதிகம். ஸ்ட்ராபெர்ரிக்கு ஏற்ற இடமல்ல. விலை கொடுத்து அதையே தேட வேண்டியதில்லை. பெரிய நெல்லிக்காயில் வைட்டமின் சி பல மடங்கு அதிகம்.

இரண்டு நெல்லிக்காயின் கொட்டையை நீக்குங்கள். சிறு துண்டு இஞ்சி, நாலு கறிவேப்பிலை, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து அரையுங்கள். இரண்டு டம்ளர் மோரில் கலக்குங்கள். நெல்லி மோர் தயார். நாவல் பழம் வரும் காலத்தில் அதன் சதையைத் தயிரில் கடையலாம்.

பெயர் தெரியாத காட்டுப் பழங்களைப் பறித்துப் போடாதீர்கள். சில பழங்களில் விஷம் உண்டு.

இரத்தசோகையும் பழமும்

நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில், 100-க்கு 57 பேருக்கு இரத்தசோகை இருந்தது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொன்ன கணக்கு இது.

கீரையிலும் கேழ்வரகிலும் பயறிலும் இரும்புச்சத்து உண்டு. அது உடலில் சேர வைட்டமின் சி உதவும். ஆனால் சாப்பாட்டோடு கட்டன் சாயா குடித்தால் இரும்புச்சத்து குறைவாகவே சேரும். சாயாவுக்கும் சாப்பாட்டுக்கும் நடுவே ஒரு மணி நேரம் விடுங்கள்.

தயிரும் இரும்புச்சத்தைக் கொஞ்சம் தடுக்கும். எனவே சாப்பாட்டோடு பழத்தை அப்படியே தின்னுங்கள். தயிரில் கடைந்ததை வேறு நேரத்தில் குடியுங்கள். இரும்புச்சத்து மாத்திரையோடு குடிக்காதீர்கள்.

இது உணவு; மருந்தல்ல. களைப்பு, மூச்சு வாங்குதல் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம் பரிசோதியுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் எவ்வளவு குடிக்கலாம் என்று மருத்துவரைக் கேளுங்கள். மற்றவர்களுக்கும் நாளுக்கு ஒரு டம்ளர் போதும்.

பேசிப் பாருங்கள்

உங்கள் ஊரில் எந்த மாதம் எந்தப் பழம் கிடைக்கிறது?
அதில் எவ்வளவு சந்தைக்குப் போகிறது? எவ்வளவு வீட்டுக்கு வருகிறது?
போன வாரம் உங்கள் வீட்டில் எத்தனை பாட்டில் பானம் வாங்கினீர்கள்? அதில் எத்தனை தேக்கரண்டி சர்க்கரை? கணக்குப் போட்டு எழுதுங்கள்.