மடிக்கணினிக்கு மறுவாழ்வு



கடலூரிலிருந்து சிதம்பரத்திற்குச் செல்லும் சாலையில், சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிக் குடிகாடு என்னும் சிற்றூர் இருக்கிறது. அவ்வூரைச் சேர்ந்த கல்லூரி மாணவி ஒருத்தி, ஒரு நாள் மாலை தன் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிகிறது, விசிறி சுழல்கிறது, ஆனால் விண்டோஸ் எழவில்லை. "ஐயா, கடையில் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடவேண்டும் என்கிறார்கள். இதில் டிவிடி போடும் இடமும் இல்லை. நான் என்ன செய்வது?" என்று கேட்டாள்.

அதனுள் இருந்தது என்ன தெரியுமா? 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த 'தானே' புயல், பண்ணுருட்டி வட்டாரத்தின் முந்திரித் தோப்புகளையும் பலா மரங்களையும் வேரோடு சாய்த்தது. அந்த இரவைப் பற்றி முதிய உழவர்கள் சொல்லியதை, அவள் தன் ஆய்வேட்டிற்காக ஒலிப்பதிவு செய்திருந்தாள். பேசியவர்களுள் இருவர் பின்னர் காலமாகிவிட்டனர். விண்டோஸை மீண்டும் பெறலாம். அந்தக் குரல்களை எங்கே போய்ப் பெறுவது?

இங்கே நாம் முதலில் தெளிய வேண்டியது ஒன்று உண்டு. இயங்குதளம் வேறு, நாம் சேர்த்து வைத்த கோப்புகள் வேறு. இயங்குதளம் என்பது கணினியின் உறுப்புகளையெல்லாம் ஒருங்கே வேலை வாங்கும் நிருவாகி. நிருவாகி நோயுற்றால் பண்டகசாலையிலுள்ள நெல் அழிந்துவிடுவதில்லை. திறந்துவிட ஆள் இல்லை, அவ்வளவே. ஆனால் அவசரப்பட்டுப் புதிய நிருவாகியை அமர்த்துகிறவர், பண்டகசாலையையே துடைத்துக் கழுவிவிடக் கூடும். அதுதான் ஆபத்து.

கணினி எவ்வாறு விழித்தெழுகிறது என்பதைப் பார்ப்போம். மின்சாரம் பாய்ந்தவுடன், தாய்ப்பலகையிலுள்ள ஒரு சிறு சில்லில் பதிந்திருக்கும் நிரல் முதலில் எழுகிறது. பழைய கணினிகளில் அதன் பெயர் பயாஸ், புதியவற்றில் யுஇஎஃப்ஐ. அது இயங்குதளத்தைத் தேடி, ஒரு வரிசைப்படி வன்தட்டு, பென்டிரைவ், வட்டு என ஒவ்வோர் இடமாகப் பார்க்கிறது; எங்கே கிடைக்கிறதோ அங்கிருந்து எடுத்து நினைவகத்தில் ஏற்றுகிறது. தில்லைக் கோயிலுக்கு நான்கு திசையிலும் நான்கு கோபுரங்கள் உள்ளன; கீழைக் கோபுர வாயில் அடைத்திருந்தால் மேலைக் கோபுர வாயிலால் உள்ளே போகிறோம். வட்டு என்பதும் வாயில்களுள் ஒன்றே.

அந்த வாயில் மறைந்து வருவதும் வியப்பன்று. டிவிடியின் குறுக்களவு 12 சென்டிமீட்டர். அதைச் சுழற்றும் கருவிக்கு இடம் விட்டால் மடிக்கணினி மெல்லியதாக அமையாது. 2008 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனம் வட்டுக் கருவி இல்லாத 'மேக்புக் ஏர்' கணினியை வெளியிட்டது. காலப்போக்கில் மற்ற நிறுவனங்களும் அவ்வழியே சென்றன.

இனி, செய்யவேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, கோப்புகளை மீட்பது. உபுண்டு போன்ற லினக்ஸ் இயங்குதளங்களை வன்தட்டில் நிறுவாமலே பென்டிரைவிலிருந்து இயக்கலாம். வேறொரு கணினியில், இணையத்திலிருந்து அதன் ஐஎஸ்ஓ கோப்பை இறக்கிக்கொள்ள வேண்டும். அக்கோப்பைப் பென்டிரைவில் வெறுமனே நகலெடுத்துப் போட்டால் கணினி எழாது. ரூஃபஸ் போன்ற ஒரு கருவியைக்கொண்டு முறைப்படி எழுத வேண்டும். அப்போது பென்டிரைவில் முன்பிருந்தவை அழிந்துவிடும் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். பின்னர், பழுதுற்ற கணினியில் அதைச் செருகி, எஃப்12, எஃப்9, எஸ்கேப் ஆகியவற்றுள் அந்நிறுவனம் வகுத்துள்ள விசையை அழுத்தி, பென்டிரைவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கேட்கும்போது 'நிறுவு' என்பதை விடுத்து, 'சோதித்துப் பார்' என்பதையே தேர்க. வன்தட்டு கண்ணுக்குத் தெரியும்; கோப்புகளை வேறொரு வெளித்தட்டிற்கு நகலெடுக்கலாம். வன்தட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி வேண்டும். வன்தட்டிலிருந்து 'டக்டக்' என்ற ஓசை வந்தால் மேலே முயலாதீர்கள். அது நிபுணர் கைக்குரியது.

இரண்டாவது, இயங்குதளத்தை மீட்பது. பல மடிக்கணினிகளின் வன்தட்டிலேயே மீட்புக்கென ஒரு தனிப்பகுதி ஒதுக்கப்பட்டிருக்கும். அதன் வழியே சென்றால் விண்டோஸ் இரண்டு வழிகளைக் காட்டும்: ஒன்று கோப்புகளை வைத்துக்கொள்வது, மற்றொன்று அனைத்தையும் நீக்குவது. இந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. படித்துப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். அப்பகுதியும் கெட்டிருந்தால், மைக்ரோசாப்ட் தளத்தில் விலையின்றிக் கிடைக்கும் கருவியைக்கொண்டு, 8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட பென்டிரைவில் நிறுவல் சாதனம் ஒன்றைத் தயாரிக்கலாம்.

"உரிமச் சாவி இல்லையே?" என்று அஞ்சவேண்டியதில்லை. விண்டோஸ் 8 காலந்தொட்டு, விண்டோஸுடன் விற்கப்பட்ட கணினிகளில் அச்சாவி பெரும்பாலும் தாய்ப்பலகைச் சில்லிலேயே பதிந்திருக்கிறது. அதே பதிப்பை நிறுவினால் தானே ஏற்றுக்கொள்ளும்.

பழைய கணினி உடையவர்களுக்கு ஒரு சொல். தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால், எத்தனையோ எளிய வீடுகளில் கணினி புகுந்தது. அக்காலத்து விண்டோஸ் 7-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14-இலும், விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இலும் முடிந்துபோயின. அத்தகைய கணினிகளில் இலகுவான லினக்ஸ் ஒன்றை நிறுவினால், இன்னும் சில ஆண்டுகள் அவை உழைக்கும்.

அந்தப் பெண்ணின் கணினியை லினக்ஸ் பென்டிரைவால் எழுப்பினோம். ஒலிப்பதிவுகள் யாவும் இருந்தன. அவற்றை நகலெடுத்து முடித்த பின்னரே விண்டோஸைத் தொட்டோம். நகல் சரியாக வந்துள்ளதா என்று பார்க்க ஒரு கோப்பை ஒலிக்கச் செய்தாள். தம் தோட்டத்துப் பலா மரம் விழுந்த ஓசையைப் பற்றி ஒரு முதியவர் பேசிக்கொண்டிருந்தார். இருவரும் இறுதிவரை கேட்டோம்.

நண்பர்களே, கணினி நலமாயிருக்கும்போதே மீட்புப் பென்டிரைவ் ஒன்றைத் தயாரித்து வையுங்கள். உங்கள் உழைப்பின் நகலை வேறோர் இடத்திலும் வையுங்கள். இயங்குதளத்தைத் தர உலகில் பலர் இருக்கிறார்கள். நீங்கள் எழுதியதைத் திருப்பித் தர உங்களையன்றி வேறொருவர் இல்லை.