ஐந்தாவது மருந்து

ஆட்டுச் சந்தைக்குப் பேர்போன வேப்பூரில், ஆடு வாய் வைக்காத செடி ஒன்று வேலியோரமெங்கும் பூத்துக் கிடக்கிறது: நித்தியகல்யாணி. அதன் இலைக்கசப்பிலிருந்து பிரித்தெடுப்பதுதான் வின்கிறிஸ்டின். டன் கணக்கில் இலை வேண்டும், கிடைப்பதோ கிராம் கணக்கில். தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கம் இதைப் பயிராகவே போடுகிறார்கள்.

வேகமாகப் பரவும் நிணநீர்ப் புற்றுநோய்க்கு (லிம்போமா) 1970களிலிருந்து கொடுத்துவரும் 'சாப்' என்ற கீமோ கூட்டில் உள்ள நான்கு மருந்துகளில் வின்கிறிஸ்டினும் ஒன்று. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்றுவார்கள். நான்கு போதாது என்று ஆறு, எட்டு மருந்துகள் கலந்த வீரியமான கூட்டுகளும் பின்னால் வந்தன. முதலில் வந்த முடிவுகள் பிரமாதம். ஆனால் 1993இல் அமெரிக்காவில் 899 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் நான்கு அணியாகப் பிரித்துப் பார்த்தபோது, மூன்றாண்டு கழித்துப் பிழைத்திருந்தவர்கள் கணக்கு எல்லா அணியிலும் ஏறக்குறைய ஒன்றே. மருந்தின் கடுமையால் இறந்தவர்கள் 'சாப்' அணியில் 1 சதவீதம், புதிய கூட்டுகளில் 3 முதல் 6 வரை.

இதற்குப் பிறகுதான் ரிட்டுக்சிமாப் வருகிறது. மெதுவாக வளரும் லிம்போமாவுக்காக 1997இல் அனுமதி பெற்ற மருந்து இது. பி-செல்லின் மேல் இருக்கும் சிடி20 புரதத்தைப் பிடித்துக்கொண்டு, அந்தச் செல்லை நம் எதிர்ப்பு சக்திக்குக் காட்டிக்கொடுக்கும். 60 முதல் 80 வயதுக்குட்பட்ட 399 பேரிடம் பிரான்ஸ் தலைமையிலான குழு இதை 'சாப்'புடன் சேர்த்துப் பரிசோதித்தது. 2002இல் முடிவு வெளியானது. இரண்டாண்டில் உயிரோடிருந்தவர்கள் 'சாப்' மட்டும் பெற்றோரில் 57 சதவீதம், ஐந்தாவதும் சேர்த்தவர்களில் 70. ஹைதராபாத் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் 2007இல் ரிட்டுக்சிமாபுக்கு இணையான மருந்தை இந்தியாவிலேயே தயாரித்தது.

ஆறாவது ஒன்று சேர்த்தால் இன்னும் நல்லதுதானே? அங்கேதான் சறுக்கியது. வேறு ரத்தப் புற்றுநோய்களில் நன்றாக வேலை செய்த இப்ருட்டினிப்பை 838 பேரிடம் சோதித்தார்கள். 2019இல் வந்த முடிவில் மொத்தத்தில் பலனில்லை. அறுபதைக் கடந்தவர்களால், பக்கவிளைவு தாங்காமல், கொடுக்கவேண்டிய கீமோவையே முழுதாகப் பெற முடியாமல் போனது. அதற்குக் கீழ்ப்பட்ட வயதினருக்கு நன்மை தெரிந்தது உண்மை. ஆனால் மொத்த முடிவு தோற்றபின் ஒரு பிரிவில் மட்டும் தெரியும் வெற்றியை நான் சற்றுத் தள்ளி நின்றே பார்ப்பேன்.

கழுத்துக்கட்டியோடு ஜிப்மர் மருத்துவமனைக்கோ அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கோ பஸ் ஏறுபவரிடம், இப்படியொரு பரிசோதனையில் சேரச் சம்மதமா என்று நாளை கேட்கலாம். எந்த அணியில் விழுவோம் என்பது மருத்துவர் கையில்கூட இல்லை. புரியும் மொழியில் விளக்கம் கேட்பது நோயாளியின் உரிமை. இந்தியாவில் நடக்கும் பரிசோதனைகளை 2009 முதல் சிடிஆர்ஐ பதிவேட்டில் கட்டாயம் பதிய வேண்டும். அதை இணையத்தில் யாரும் பார்க்கலாம். கையெழுத்துப் போட்ட பிறகும் விலகலாம், அதற்காக வழக்கமான சிகிச்சையை மறுக்கக் கூடாது.