கரையில் இடம் பிடிக்கணும், சீக்கிரம் வாங்க!

காலண்டரிலோ கம்ப்யூட்டர் திரையிலோ இந்தப் படத்தை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். அடுத்தடுத்து நிற்கும் இரண்டு செம்மலைகள். உச்சியில் கோடு கோடாகப் பனி. அடிவாரம் முழுக்கப் பொன்மஞ்சள் மரங்கள். அத்தனையும் தலைகீழாக ஏரியில்! ஈ காக்கை இல்லாத அமைதி. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ஆஸ்பென் ஊருக்குச் சுமார் 16 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மரூன் ஏரிதான் அது.

அந்த அமைதியை மட்டும் நம்பிவிடாதீர்கள்! செப்டம்பர் கடைசி வாரத்தில், சூரியன் எழ இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கும்போதே அந்தக் கரை எப்படி இருக்கும் தெரியுமா? பெரிய ஸ்டார் படத்தின் முதல் நாள் முதல் காட்சிக்குத் தியேட்டர் வாசலில் நிற்கிற கூட்டம்தான். தோளோடு தோள் உரச ஆட்கள், காலோடு கால் பின்ன ட்ரைபாட்கள், இருட்டில் மினுக் மினுக்கென்று தலைவிளக்குகள், தெர்மாஸ் காபி வாசனை, கம்பளிக் குல்லாய்க்குள்ளிருந்து பல மொழிகளில் கிசுகிசுப்பு. அத்தனை லென்ஸும் ஏரியைப் பார்த்து நிற்பதால் இந்தத் திருவிழா எந்தப் படத்திலும் விழாது. அதைப் பக்கத்திலிருந்து பார்க்கும் சந்தோஷம் இருக்கிறதே!

ஏரி இருப்பது சுமார் 2,920 மீட்டர் உயரத்தில். நாலு எட்டு வேகமாக நடந்தாலே மூச்சு வாங்கும். குளிர் உறைநிலையைத் தொட்டுவிட்டு வரும். கேமரா பேட்டரி அந்தக் குளிரில் சீக்கிரம் சோர்ந்துவிடும் என்பதால், மாற்று பேட்டரிகளை எல்லோரும் சட்டையின் உள்பையில், உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்கிறார்கள். பெரிய பெரிய கேமராக்காரர்கள் நெஞ்சைத் தடவித் தடவிப் பேட்டரியை எடுக்கும் காட்சி எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

இப்போது கொஞ்சம் மலையைப் பார்ப்போம். மரூன் சிகரம் 4,317 மீட்டர், வடக்கு மரூன் சிகரம் 4,273 மீட்டர். இரும்புத்தாது கலந்த சேற்றுப்பாறை என்பதால்தான் அந்தச் சிவப்பு. ஏரிக்குத் தென்மேற்கே நிற்பதால் அவற்றின் முகம் கிழக்கிலிருந்து வரும் வெயிலுக்கு நேராக இருக்கிறது. ஆகவே முதல் கதிர் விழுவது உச்சியில்தான். கிழக்குப் பக்கத்து மலைகள் மறைப்பதால் ஏரி மட்டும் வெகுநேரம் நிழலிலேயே கிடக்கும். மேலே மலை ரோஜா நிறத்தில் எரிய, கீழே தண்ணீர் இருண்டிருக்கும். இருண்ட நீரில்தான் பிம்பம் பளிச்சென்று எழும். வெயில் நீரிலேயே விழுந்துவிட்டால் ஏரியின் அடிமண்ணும் கற்களும் தெரிய ஆரம்பித்து, பிம்பம் வெளிறிவிடும்.

காற்றும் ஒத்துழைக்க வேண்டுமே! தெளிந்த வானமுள்ள இரவில் மலைச்சரிவுகள் குளிர்ந்து, அவற்றை ஒட்டிய காற்று கனத்துக் கீழே இறங்கிப் பள்ளத்தாக்கின் அடியில் தங்கிவிடுகிறது. விடியலில் அது அசையாமல் கிடக்கும். வெயில் ஏறிச் சரிவுகள் சூடானதும் காற்று மேல்நோக்கிக் கிளம்பும். அவ்வளவுதான், தண்ணீர் சுருக்கம் கண்டுவிடும். உச்சியில் வெயில் பட்டதற்கும் நீர் நடுங்கத் தொடங்குவதற்கும் இடையே கிடைக்கிற அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் இத்தனை பேரும் இத்தனை இருட்டில் வந்து நிற்கிறார்கள்.

காற்று வருவதை முதலில் சொல்வது காது. ஆஸ்பென் மர இலையின் காம்பு உருண்டையாக இருக்காது, பக்கவாட்டில் தட்டையாக இருக்கும். அதனால் மூச்சுக்காற்று பட்டாலே இலை படபடக்கும். பின்னால் அந்தச் சலசலப்பு கேட்டதும் கரை முழுக்க ‘உஸ்ஸ்’ என்று ஒரு பெருமூச்சு! அது ஓய்ந்ததும் வரிசையாகக் ‘க்ளிக், க்ளிக், க்ளிக்’!

அந்த மரங்களைப் பற்றி இன்னொரு விஷயம். ஆஸ்பென் ஒரே வேரிலிருந்து பல மரங்களாக முளைத்துக்கொண்டே போகும். ஒரு தோப்பே ஒரே உயிராக இருப்பதுண்டு. பக்கத்து மாநிலமான யூட்டாவில் ‘பாண்டோ’ என்ற ஆஸ்பென் தோப்பு சுமார் 43 ஹெக்டேர் பரந்திருக்கிறது, அத்தனையும் ஒரே மரத்தின் கிளைப்புதான். மரூன் ஏரிக்கரையிலும் இதைக் கண்ணாலேயே பிடிக்கலாம். ஒரு திட்டு முழுக்க மஞ்சளாகியிருக்கும், ஒட்டி நிற்கும் அடுத்த திட்டு இன்னும் பச்சையாக இருக்கும். ஒரு வேர்க் குடும்பம் சேர்ந்தே நிறம் மாறுகிறது! பச்சையம் சிதைந்து மறைய, இலைக்குள் முன்பே இருந்த மஞ்சள் நிறமிகள் வெளியே தெரிகின்றன.

இனி கேமராவுக்குப் பின்னால் நடக்கும் ரகசியங்களுக்கு வருவோம். என்னைத் துள்ளிக் குதிக்க வைத்தது இதுதான்: ஏரியில் தெரிவது மேலே இருப்பதன் நகல் இல்லை! அது வேறு படம். உங்கள் கேமரா நீர்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டரில் இருந்தால், பிம்பம் நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு மீட்டரில் இருந்து பார்த்த காட்சி. நீருக்குள் இன்னொருவர் மல்லாந்து படுத்து எடுத்த படம் என்றே வைத்துக்கொள்ளலாம். அதனால்தான் கரைமேல் சாய்ந்த கிளையின் அடிப்பக்கம் ஏரியில் தெரிகிறது, மேலே தெரிவதில்லை. முன்னால் நிற்கும் மரம் பிம்பத்தில் மலையைக் கொஞ்சம் கூடுதலாக மறைக்கிறது. கேமராவைத் தாழ்த்தத் தாழ்த்த இரண்டு காட்சிகளும் ஒன்றையொன்று நெருங்கும். கை தேர்ந்தவர்கள் ட்ரைபாடின் கால்களை அகலப் பரப்பி, ஈர மண்ணில் மண்டியிட்டுக் கிடப்பது அதற்காகத்தான்.

ஃபோகஸிலும் ஒரு வேடிக்கை. பிம்பம் நீரின் மேல் ஒட்டியிருப்பதாகக் கண் நம்புகிறது, லென்ஸ் நம்பாது. நீர் வரைக்கும் உள்ள தூரம், நீரிலிருந்து மலை வரைக்கும் உள்ள தூரம், இரண்டையும் கூட்டி அங்கேதான் பிம்பத்துக்கு ஃபோகஸ். காலடியில் மிதக்கும் மஞ்சள் இலையில் ஃபோகஸ் வைத்தால் ஏரிக்குள் இருக்கும் மலை கலங்கிப்போகும். இரண்டும் துல்லியமாக வேண்டுமென்றால் வெவ்வேறு ஃபோகஸில் சில படங்கள் எடுத்துப் பிறகு கணினியில் சேர்க்கிறார்கள்.

வெளிச்சக் கணக்கும் உண்டு. நேர் மேலிருந்து பார்த்தால் தண்ணீர் தன்மேல் விழும் ஒளியில் சுமார் 2 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்பும். பார்வை சாயச் சாய அது ஏறிக்கொண்டே போகும். எதிர்க்கரை மரங்களின் பிம்பம் பிரகாசமாகவும், உயரத்தில் உள்ள சிகரத்தின் பிம்பம் சற்று இருட்டாகவும் விழுவது இதனால்தான். எப்படியும் கீழ்ப்பாதி மேல்பாதியைவிட மங்கல். அதைச் சமன் செய்யப் பாதி கருத்த கிராஜுவேட்டட் ஃபில்டரை லென்ஸுக்கு முன்னால் செருகுகிறார்கள். போலரைசர் ஃபில்டர் போடுபவர்கள் மட்டும் ஜாக்கிரதை! அதைத் தவறான பக்கம் திருப்பினால் பிம்பம் அப்படியே கரைந்துபோகும்.

இந்த ஊருக்கும் புகைப்படக் கலைக்கும் பழைய உறவு உண்டு. 1951 இலையுதிர் காலத்தில் ஆஸ்பெனில் ஒரு புகைப்பட மாநாடு நடந்தது. ஆன்செல் ஆடம்ஸ், டோரதியா லாங்கே, மைனர் ஒயிட் போன்ற புகைப்படக் கலைஞர்கள் வந்திருந்தார்கள். அங்கே நடந்த பேச்சின் தொடர்ச்சியாக 1952இல் பிறந்ததுதான் ‘அபெர்ச்சர்’ என்ற புகைப்பட இதழ். ஆடம்ஸ் அதே 1951இல் இந்த மலைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார்.

கரையில் எழுதாத சட்டம் ஒன்றே ஒன்று: தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. ஒருவர் காலை நனைத்தால் வட்ட வட்டமாக அலை கிளம்பி எல்லோருடைய மலையையும் ஆட்டிவிடும். இந்தச் சட்டம் தெரியாத ஒரே ஆள் மூஸ் மான். ஏரிப்பக்கம் அடிக்கடி வரும் அந்த மாபெரும் மிருகம் நிதானமாக நீரில் இறங்கிச் செடி மேயும். கண்ணாடி உடைந்ததே என்று அழுவதா, மூஸ் கிடைத்ததே என்று குதிப்பதா? குதிக்கத்தான் வேண்டும்! ஆனால் தள்ளி நின்று குதியுங்கள், அதன் கோபம் பொல்லாதது.

பிரேமை நடுவில் வெட்டிப் பாதி மலை, பாதி நீர் என்று வைக்கலாமா? மூன்றில் ஒரு பங்கு விதியைச் சொல்லித் தடுப்பவர்கள் உண்டு. இந்த ஏரியில் அந்த விதியை ஒதுக்கிவைக்கலாம் என்பது என் கட்சி. அதைவிடவும் என் மனம் போவது, மலையையே விட்டுவிட்டு நீரை மட்டும் எடுத்த படங்கள் மேல். அந்த ‘நீருக்குள் படுத்திருப்பவர்’ பார்த்த காட்சி மட்டும் தனியாகக் கிடைக்கிறதல்லவா!

போக ஆசை வந்துவிட்டதா? சீசனில் கார் நிறுத்த முன்பதிவு வேண்டும், அது வேகமாகத் தீர்ந்துவிடும். காலை 8 மணிக்கு மேல் பெரும்பாலான கார்களுக்கு ஏரிக்குப் போகும் சாலையில் இடமில்லை, ஆஸ்பென் ஹைலண்ட்ஸ் என்ற இடத்திலிருந்து பஸ்தான். விடியலுக்கு வேண்டுமென்றால் பயணத் தேதியை முடிவு செய்த அன்றே பார்க்கிங்கைப் பதிவு செய்யுங்கள். விரல் நுனி திறந்த கையுறை, லென்ஸ் துடைக்கத் துணி, சூடாகக் குடிக்க ஏதாவது எடுத்துப் போங்கள். கரையோரப் புல்லை மிதிக்காமல் பாதையிலேயே நில்லுங்கள். உங்களுக்குப் படம் கிடைத்ததும் ட்ரைபாடைத் தூக்கிக்கொண்டு விலகிவிடுங்கள். பின்வரிசையில் ஒருவர் இருட்டிலிருந்தே காத்து நிற்கிறார்.