எந்த இயங்குதளம் நமக்கு ஏற்றது?

கணிப்பொறி வாங்கச் செல்வோர் நினைவகம் எவ்வளவு, வன்தட்டு எவ்வளவு, விலை எவ்வளவு என்று துருவித் துருவிக் கேட்பர். அதனுள் எந்த இயங்குதளம் இருக்கிறது என்று கேட்போர் மிகச் சிலரே. கடைக்காரர் எதைப் போட்டுத் தருகிறாரோ அதுவே போதும் என்னும் மனப்பான்மை நம்மிடையே ஊறிப்போயிருக்கிறது. வீட்டிலும் பணியிடத்திலும் ஆண்டுக்கணக்கில் நாம் உழைத்துச் சேர்க்கும் கணக்குகளும் கட்டுரைகளும் வினாத்தாள்களும் குடும்பப் படங்களும் அந்த ஒன்றை நம்பியே இருக்கின்றன என்பதை எண்ணுங்கால், இவ்வலட்சியம் தகாது என்பது விளங்கும்.

ஆபரேட்டிங் சிஸ்டம் என்று கடைத்தெருவில் வழங்கும் இதனை இயங்குதளம் என்றும் இயக்க முறைமை என்றும் தமிழில் குறிக்கிறோம். விசைப்பலகையில் தட்டும் எழுத்தை ஏற்றல், அதைத் திரையில் காட்டல், வட்டில் எங்கே எழுதி வைத்தோம் என்பதை நினைவிற் கொள்ளல், அச்சுப்பொறிக்கு அனுப்புதல், ஒரே வேளையில் ஓடும் பல மென்பொருள்களுக்கு நேரத்தையும் நினைவகத்தையும் பங்கிட்டுத் தருதல் ஆகிய யாவும் இதன் பணிகள். எழுத்துச் செயலியும் கணக்கு மென்பொருளும் இதன் மேல் நின்றே வேலை செய்கின்றன. ஆகவே ஒரு தளத்திற்கென எழுதப்பட்ட மென்பொருள் மற்றொன்றில் பெரும்பாலும் ஓடாது. தேர்வில் எழும் சிக்கல்களுள் பெரும்பாலானவை இந்த ஒரு செய்தியிலிருந்தே பிறக்கின்றன.

மேசைக் கணிப்பொறிக்கும் மடிக்கணினிக்கும் இன்று நம் முன் நிற்பவை மூன்று: மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் விண்டோஸ், ஆப்பிள் நிறுவனத்தின் மேக், எவருக்கும் தனியுடைமையாகாத லினக்ஸ். மேக்கைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டியதில்லை. அது ஆப்பிள் விற்கும் கருவியோடு மட்டுமே வருவது. கருவியின் விலையே பலருக்கு விடை சொல்லிவிடும். லினக்ஸ், பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் பயின்ற லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் மாணவர் 1991இல், தம் 21ஆம் அகவையில் தொடங்கிய பணி. அதன் மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், படியெடுத்துப் பிறருக்கு வழங்கலாம். உபுண்டு, மின்ட் முதலிய பெயர்களில் அது இலவசமாகக் கிடைக்கிறது. நம் கைப்பேசியில் உள்ள ஆண்ட்ராய்டின் கருவும் லினக்ஸே என்பதைப் பலர் அறியார்.

இத்தேர்வை இப்போது பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. 2015இல் வெளிவந்த விண்டோஸ் 10க்கு அளித்துவந்த பொதுவான பாதுகாப்புத் திருத்தங்களை 2025 அக்டோபர் 14 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விரும்புவோருக்கு ஒரு கால நீட்டிப்பும் அப்போது அறிவிக்கப்பட்டது. எனினும் அது தவணையே அன்றித் தீர்வன்று. அடுத்த பதிப்பாகிய விண்டோஸ் 11க்கு மாறலாமே எனில், அது 4 ஜிபி நினைவகத்தோடு டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லையும் கேட்கிறது. இன்டெல் செயலியாயின் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதாக இருத்தல் வேண்டும் என்கிறது. அத்தலைமுறை 2017இல்தான் சந்தைக்கு வந்தது. அதற்கு முன் வாங்கிய எத்தனையோ நல்ல பொறிகள், ஒரு திருகாணியும் தேயாத நிலையில், முறைப்படி மேலேற வழியின்றி நிற்கின்றன.

திருத்தம் வராவிடில் என்ன கேடு என்று சிலர் வினவுவர். 2017 மே மாதத்தில் வான்னாக்ரை என்னும் தீநிரல் உலகின் ஏறத்தாழ 150 நாடுகளில் கணிப்பொறிகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் மார்ச் மாதமே வெளியாகியிருந்தது. அதனை ஏற்றிக்கொள்ளாத பொறிகளே பெரிதும் சிக்கின.

இனிப் பணியிடத்தை நோக்குவோம். இங்கே தளத்தைத் தேர்ந்தெடுப்பது நாம் அல்லர். நம் தொழிலுக்கு இன்றியமையாத மென்பொருளே. கணக்கெழுதும் கடைகளிலும் மண்டிகளிலும் பெரிதும் வழங்கும் டாலி, விண்டோஸுக்கென எழுதப்பட்டது. 2017 சூலையில் சரக்கு சேவை வரி வந்தபின் அதன் தேவை மேலும் பெருகியது. அத்தகைய கடைக்காரரிடம் லினக்ஸின் பெருமைகளை அடுக்குவது வீண் உபதேசம். அவர் விண்டோஸையே, உரிமம் பெற்று, திருத்தங்கள் வரும் பதிப்பாக வைத்துக்கொள்ளுதல் நன்று. மாறாக, கடிதம் எழுதல், அட்டவணை போடுதல், மின்னஞ்சல், இணையவழி விண்ணப்பம் இவ்வளவே பணியாயின், லிபர்ஆஃபிஸ் என்னும் இலவச மென்பொருளும் ஓர் உலாவியும் போதும். அவை மூன்று தளங்களிலும் ஓடுகின்றன. பள்ளிவாசல் ஜமாஅத் அலுவலகங்களின் சந்தாப் பேரேடும் நிகாஹ் பதிவுகளின் பட்டியலும் பெரும்பாலும் இவ்வளவில் அடங்குவனவே.

ஜமாஅத்தைக் குறிப்பிட்டதால், பெரியோர்கள் முன் ஒரு செய்தியைத் துணிந்து வைக்கிறோம். நம் வீடுகளிலும் பொது அலுவலகங்களிலும் இயங்கும் விண்டோஸ் முறையாக விலை கொடுத்து வாங்கப்பட்டதா? உரிமத்தை உடைத்து ஏற்றிய படியைச் சில நூறு ரூபாய்க்குப் போட்டுத் தருவது ஊரறிந்த வழக்கம். 'பெரிய நிறுவனத்திற்கு இதனால் என்ன நட்டம்' என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, நூலாக்கம், கண்டுபிடிப்பு, வணிகப் பெயர் ஆகியவற்றின் மீதான உரிமைகள் ஷரீஅத்தால் காக்கப்பட்டவை, அவற்றை மீறலாகாது என்று தீர்மானித்தது. நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், பிற்காலத் திருத்தத்தின் வழியே, கணிப்பொறி நிரலையும் இலக்கியப் படைப்பு என்னும் வகையுள் அடக்குகிறது. தமிழ்த்துறையினர் இதைக் கேட்டுப் புன்னகைக்கலாம். ஆயினும் சட்டத்தின் கண்ணில் நிரலாசிரியரும் நூலாசிரியரும் ஒரே வரிசையில் நிற்கின்றனர். உரிமம் இல்லாத படி என்று அறிந்தே பயன்படுத்துவோருக்கு அச்சட்டம் சிறைத் தண்டனையும் வகுத்துள்ளது. பொதுமக்கள் அளித்த நன்கொடை ஓர் அமானிதம். அதில் வாங்கிய பொறியில் பிறர் உரிமையைப் பறித்த மென்பொருளை வைத்துக்கொண்டு அதிலேயே ஜகாத் கணக்கை எழுதுவது பொருந்துமா என்பதை ஆலிம்களிடமே விட்டுவிடுகிறோம். விலை கொடுக்க இயலாதோர்க்கு லினக்ஸ் என்னும் நேர்வழி திறந்தே இருக்கையில், இயலாமையைக் காரணமாகக் காட்டவும் இடமில்லை.

தமிழ் எழுதுவோர்க்கு வேறொரு கவலை உண்டு. 1990களில் தமிழ் எழுத்துருக்களை ஆக்கிய ஒவ்வொரு நிறுவனமும் ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் எழுத்துகளைத் தத்தம் விருப்பப்படி அமர்த்திக்கொண்டது. அந்த எழுத்துரு இல்லாத பொறியில் கோப்பைத் திறந்தால் பொருளற்ற ஆங்கிலக் குறிகளே தெரியும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்99 விசைப்பலகையும் டாம், டாப் குறியீடுகளும் தமிழக அரசால் ஏற்கப்பட்டன. எனினும் பழைய பழக்கம் போகவில்லை. விண்டோஸ் 2000 ஒருங்குறித் தமிழை லதா எழுத்துருவோடு கொண்டுவந்தது. அதற்கு முன் அரபு எழுத விரும்பியவர் அரபுக்கெனத் தனியாக விற்ற விண்டோஸ் பதிப்பை நாட வேண்டியிருந்தது. இன்றோ வலமிருந்து இடமாக ஓடும் அரபு வரியையும் இடமிருந்து வலமாக ஓடும் தமிழ் உரையையும் ஒரே பத்தியில் மூன்று தளங்களும் தாங்குகின்றன. மேக்கில் மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன் உருவாக்கிய இணைமதி எழுத்துரு உடன்வருகிறது. லினக்ஸில் தமிழ்99, தட்டச்சு, ஒலிபெயர்ப்பு என எல்லா விசைமுறைகளையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆகவே ஒருங்குறியில் எழுதுவோருக்குத் தளம் ஒரு தடையன்று. இடர்ப்பாடு பழைய கோப்புகளில்தான் இருக்கிறது. மலர்கள் பலவற்றை வடிவமைத்த பேஜ்மேக்கரின் இறுதிப் பதிப்பு 2001இல் வந்தது. அதன் கோப்புகளைப் புதிய தளங்களில் அப்படியே திறப்பது அரிது. ஆய்வேடுகளும் கருத்தரங்கக் கட்டுரைகளும் இவ்வாறு பழைய எழுத்துருவில் முடங்கிக் கிடக்கும் துறைகள், பழைய பொறி இயங்கும்போதே அவற்றை ஒருங்குறிக்கு மாற்றி, மூலத்தோடு ஒப்புநோக்கிவிடுதல் வேண்டும். மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒகரக் கொம்புகளும் கிரந்த எழுத்துகளும் இடையிடையே பிறழும் என்பதால், கண்ணால் பார்த்துத் திருத்தும் வேலைக்கு மாணவர் துணை தேவைப்படும்.

லினக்ஸ் கடினம் என்னும் அச்சம் பழையது. 2011இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு, நம் நாட்டின் சி-டாக் நிறுவனம் ஆக்கிய பாஸ் லினக்ஸும் வைக்கப்பட்டிருந்தது. அப்பக்கத்தைத் திறந்தும் பாராத மாணவர் பலரை நாம் அறிவோம். அண்டை மாநிலமாகிய கேரளத்திலோ அரசுப் பள்ளிப் பிள்ளைகள் லினக்ஸில்தான் கணிப்பொறி பயில்கின்றனர். அவர்களுக்கென அம்மாநில அரசின் கைட் நிறுவனம் தனிப் பதிப்பே ஆக்கித் தருகிறது.

வீட்டில் பழைய பொறி வைத்திருப்போர் முதலில் தம் கோப்புகளை வேறொரு வட்டில் படியெடுத்துக்கொள்க. பின்னர் லினக்ஸ் மின்டை இறக்கி, 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் ஏற்றுக. அதில் முன்பிருந்தவை அழிந்துவிடும் என்பதால் வெறுமையான ஒன்றை எடுத்தல் நலம். மின்டுக்கு 2 ஜிபி நினைவகம் இருந்தால் இயங்கும். 4 ஜிபி இருந்தால் தடையின்றி இயங்கும். பென்டிரைவைச் செருகிப் பொறியை இயக்கினால், வன்தட்டைத் தொடாமலே புதிய தளம் முழுமையாகத் திரையில் வரும். நிறுவுக என்னும் பொத்தானை மட்டும் அழுத்தாமல், ஓரிரு நாள் அதிலேயே கடிதம் எழுதியும் இணையம் பார்த்தும் பழகலாம். அச்சுப்பொறியும் வருடியும் கம்பியில்லா இணைப்பும் இயங்குகின்றனவா என்பதை அப்போதே சோதிக்கலாம். பிடிக்கவில்லையெனில் பென்டிரைவைக் கழற்றிவிட்டுப் பொறியை மீண்டும் இயக்கினால், பழைய விண்டோஸ் இருந்தபடியே இருக்கும்.