இடுப்பு வலியா? வாக்குவம் கிளீனர் வாங்கும்போது வாட்ஸை பார்க்காதீங்க... குழாயைப் பாருங்க!

திருப்பூர்:-

பனியன் கம்பெனியில் பவர் டேபிளில் உட்கார்ந்தால் 8 மணி நேரம். ஓவர்டைம் வந்தால் 12 மணி நேரம். வீட்டுக்கு வந்த பிறகு குனிந்து கூட்டிப் பெருக்கும் வேலை காத்துக்கிட்டு இருக்கு. இடுப்பு வலி இல்லாத டெய்லரை இந்த ஊரில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

வீட்டிலேயே மெஷின் போட்டு பீஸ் ரேட்டுக்கு தைப்பவர்கள் பாடு இன்னும் சிரமம். காலையில் பெருக்கினால் மதியத்துக்குள் பஞ்சுத்தூசியும் நூல் துண்டும் தரை முழுக்க கிடக்கும். ஒரு நாளைக்கு 3 தடவை குனிய வேண்டியிருக்கு.

இதனால் தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும் சிலர் தவணையில் வாக்குவம் கிளீனர் வாங்குகிறார்கள். மெஷின் வந்தால் குனிய வேண்டாம் என்ற நினைப்பு. ஆனால் தப்பான மெஷினை வாங்கினால் பணமும் போகும், வலியும் கூடும். எதைப் பார்த்து வாங்க வேண்டும்? இதுபற்றிய விவரம் வருமாறு:-

குனிந்தால் என்ன ஆகும்?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020-ம் ஆண்டில் உலகம் முழுவதும் 61 கோடியே 90 லட்சம் பேர் கீழ்முதுகு வலியோடு இருந்தார்கள்.

சுவீடன் நாட்டு எலும்பு டாக்டர் ஆல்ஃப் நாக்கெம்சன் 1960, 70-களில் முதுகெலும்புக்கு நடுவில் இருக்கும் ஜவ்வு வட்டுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்து பார்த்தார். நேராக நிற்கும்போது அழுத்தம் 100 என்று வைத்துக்கொண்டால், முன்னால் குனிந்து நிற்கும்போது 150. கையில் எடையோடு குனிந்தால் 220!

அதனால்தான் குட்டை விளக்குமாறு முதுகுக்கு எதிரி. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் தோட்டத் தொழிலாளிகளுக்கு குட்டைக் கைப்பிடி களைக்கொத்தி கொடுத்து வேலை வாங்கினார்கள். நாள் முழுக்க குனிந்து பலருக்கு முதுகு போய்விட்டது. கோர்ட்டு வரை வழக்கு போய், 1975-ல் அந்த குட்டைக் களைக்கொத்திக்கே தடை வந்தது. கைப்பிடி நீளம் அவ்வளவு பெரிய விஷயம்.

வாக்குவம் கிளீனருக்கும் இதே கணக்குதான்.

வாட்ஸை வைத்து ஏமாறாதீங்க

கடைக்குப் போனால் முதலில் சொல்வது, "அக்கா, இது 1,600 வாட்ஸ்" என்பதுதான். வாட்ஸ் என்பது மெஷின் எவ்வளவு கரண்டு குடிக்கும் என்ற கணக்கு. எவ்வளவு நன்றாக உறிஞ்சும் என்பது வேறு. ஐரோப்பிய யூனியன் நாடுகளில் 2017 செப்டம்பரில் இருந்து 900 வாட்ஸ் அல்லது அதற்கு மேல் உள்ள வீட்டு வாக்குவம் கிளீனரை புதிதாக விற்பனைக்கு இறக்கவே கூடாது என்று சட்டம். அங்கேயும் வீடுகள் சுத்தமாகத்தான் இருக்கின்றன.

உங்க முதுகுக்கு வாட்ஸ் தெரியாது. அதற்குத் தெரிந்தது குனிவதும் எடையும்தான்.

எந்த வகை யாருக்கு?

உருட்டி இழுப்பது: மோட்டார் பெட்டி சக்கரத்தில் தரையிலேயே பின்னால் வரும். கையில் குழாய் மட்டும்தான். இடுப்பு வலிக்காரர்களுக்கு பெரும்பாலும் இதுவே ஒத்துவரும். மாடிப்படி ஏறும் வீடு என்றால் பெட்டியைத் தூக்க வேண்டி வரும், கவனம்.

டிரம் வகை: தண்ணீரையும் உறிஞ்சும். ஆனால் 10 லிட்டர் தண்ணீர் சேர்ந்தால் 10 கிலோ. டிரம் எடை தனி. அதைத் தூக்கிக் கொட்டுவது யார் என்று முதலில் முடிவு பண்ணுங்க.

குச்சி வகை: ஒயர் கிடையாது, சார்ஜ் போட்டுக்கலாம். எடை குறைவு என்பார்கள். பலதில் மோட்டாரும் பேட்டரியும் கைப்பிடியிலேயே இருக்கும். அந்த எடையை மணிக்கட்டும் தோளும்தான் சுமக்கும்.

கைக்கு அடக்கமான சின்ன மெஷின்: விலை குறைவு. ஆனால் தரையைப் பெருக்க உட்கார வேண்டும், இல்லை குனிய வேண்டும். தரைக்கு வேண்டவே வேண்டாம்.

ரோபோ: தானே ஓடும். ஆனால் தரையில் இருக்கும் பாத்திரம், செருப்பு, ஒயர் எல்லாவற்றையும் முதலில் குனிந்து எடுத்து வைக்க வேண்டும். ஒற்றை ரூம் லைன் வீட்டுக்கு சரிப்படாது.

தையல்காரர்கள் கவனத்துக்கு

சில மெஷின்களில் அடியில் சுழலும் பிரஷ் இருக்கும். கார்பெட்டுக்கு நல்லது. நம்ம வீட்டு நூல் துண்டு அதில் சுற்றிக்கொள்ளும். அப்புறம் கத்தரிக்கோலோடு உட்கார்ந்து அறுத்து எடுக்க வேண்டும். எனவே சுழலாத சாதா பிரஷ்ஷே போதும். ரோபோவுக்கும் இதே தொல்லை உண்டு.

பஞ்சுத்தூசி ஃபில்டரை சீக்கிரம் அடைக்கும். அடைத்தால் உறிஞ்சாது, நீங்கள் திரும்பத் திரும்ப தேய்க்க வேண்டி வரும். கழுவக்கூடிய ஃபில்டரா என்று கேளுங்க. கழுவினால் நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டணும். உடைந்த ஊசியை முதலில் காந்தம் வைத்து எடுத்துவிடுங்க.

கடையிலேயே பண்ண வேண்டிய சோதனை

1. குழாயை மாட்டி, முனையைத் தரையில் வைத்து நிமிர்ந்து நில்லுங்க. கைப்பிடி இடுப்பு உயரத்துக்கு வரணும். வரவில்லை என்றால் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம். நீட்டிக் குறைக்கும் குழாய் என்றால் வீட்டில் உயரமானவரும் நின்று பார்க்கட்டும்.

2. ஆன் பண்ணச் சொல்லி 2 நிமிடம் ஒரு கையில் தள்ளிப் பாருங்க. கை கடுத்தால் வீட்டில் 10 நிமிடம் தாங்காது.

3. கட்டிலுக்கு அடியில் போகிற மாதிரி குழாயைத் தாழ்த்துங்க. முனை தட்டையாகப் படியுதா பாருங்க.

4. தூசிப் பெட்டியை நீங்களே கழற்றி மாட்டுங்க. சுவிட்ச் காலால் போடும்படி இருந்தால் நல்லது.

5. ஒயர் நீளம் கேளுங்க. பிளக் பாயிண்ட் கட்டிலுக்குப் பின்னால் இருந்தால் தினமும் குனியணும்.

எப்படி பிடிப்பது?

நின்ற இடத்தில் கையை எட்டி எட்டி நீட்டக்கூடாது. ஒரு காலை முன்னால் வைத்து, மெஷினோடு சேர்ந்து நடக்கணும். இடுப்பை முறுக்காமல் உடம்போடு திரும்புங்க. கையை மாற்றி மாற்றிப் பிடிங்க. ஞாயிற்றுக்கிழமை மொத்த வீட்டையும் ஒரே மூச்சில் சுத்தம் பண்ணுவதைவிட, தினமும் 10 நிமிடம் நல்லது.

பணம் இல்லையா?

கவலை வேண்டாம். நின்றபடி பெருக்கும் நீளக் கைப்பிடி துடைப்பமும், நீளக் கைப்பிடி குப்பை அள்ளியும், கம்பு வைத்த மாப்பும் வாங்கினால் குனிகிற வேலை பெருமளவு குறையும். சில நூறு ரூபாயில் முடிகிற காரியம். பழைய சீமாறுக்கு ஒரு கம்பைச் சேர்த்துக் கட்டினாலும் போதும். வீட்டில் ஆம்பளைங்க ஒரு வேளை பெருக்கினால் அதற்கு தவணையும் கிடையாது!

ஒன்று மட்டும் மறக்காதீங்க. எந்த மெஷினும் வலிக்கு மருந்து இல்லை. வலியோடு கால் மரத்துப்போனால், காலில் பலம் குறைந்தால், சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ வராமல் நின்றாலோ, ஒரு நாள்கூட தள்ளிப்போடாமல் அரசு ஆஸ்பத்திரிக்கு போங்க. மெஷினை அடுத்த மாதம்கூட வாங்கிக்கலாம்.